அலை எட்டாத இடத்தில் ஒரு பிரதி

அடையாறு கடலில் கலக்கும் இடத்தின் தென்கரையில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். கிழக்கே வங்கக் கடல், வடக்கே கழிமுகம், தெற்கே எலியட்ஸ் கடற்கரை. மேற்கே பிரம்மஞான சபையின் மரம் அடர்ந்த வளாகம். அதற்குள் 1886-இல் கர்னல் ஒல்காட் தொடங்கிய அடையாறு நூலகம், ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளுடன். பெசன்ட் நகர்ப் பக்கம் சற்றுத் தள்ளிப் போனால் அருண்டேல் கடற்கரைச் சாலையில் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம். நம் பழைய எழுத்துச் செல்வத்தில் எவ்வளவோ இந்தச் சிறு வட்டத்துக்குள் இருக்கிறது. வட்டம் முழுவதற்கும் ஒரே கடல், ஒரே ஆற்றின் வாய், ஒரே புயல் பாதை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாகக் கடல் ஏறி வந்தது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட நீரும் வழியில் சேர்ந்த வெள்ளமும் இந்தக் குப்பத்தின் ஓரமாகத்தான் கடலுக்குள் போக வேண்டியிருந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம்.

2015 வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் தரைத்தள வீடுகள் மூழ்கியபோது பத்திரங்கள், மதிப்பெண் பட்டியல்கள், ரேஷன் அட்டைகள் எல்லாம் போயின. அந்த டிசம்பர் நடுவிலேயே அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் ஆவணங்கள் வழங்கத் தொடங்கியது. பாஸ்போர்ட் பறிகொடுத்தவர்களுக்குக் கட்டணமின்றிப் புதியது தரப்படும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. அது எப்படி முடிந்தது? போன தாள் ஒவ்வொன்றுக்கும் வேறெங்கோ ஓர் அலுவலகத்தில் மூலப் பதிவு இருந்தது. அதே வீடுகளில் நனைந்துபோன கணினிகளுக்குள் இருந்த கல்யாணப் படங்களுக்கும் கடைக் கணக்குகளுக்கும் ஆராய்ச்சிக் குறிப்புகளுக்கும் எந்த அலுவலகத்திலும் மறுபிரதி இல்லை.

இணையவழிக் காப்புச் சேவை, அதாவது எல்லோரும் கிளவுட் பேக்கப் என்று சொல்வது, அந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லித்தான் வருகிறது. கோப்புகளின் மறுபிரதியை நீர் எட்டாத வேறு ஊரில் வைத்துக் காப்பது அதன் வேலை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இந்தச் சேவைகள் பொதுமக்களுக்கு விற்கப்படுகின்றன. அவற்றிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது என்ன, அதில் எது இந்தக் கடற்கரைக்குப் பொருந்தும் என்பதைப் பார்க்கவே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைவில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும். ஆனால் அதை யார், எந்தச் சாவியோடு, எத்தனை நாளில் திரும்பக் கொண்டுவருவார் என்று தெரியாதவரை அதைப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை.

முதலில், காக்க வேண்டியது எது? கணினிக் கோப்பு என்றதும் அலுவலக மேசை நினைவுக்கு வரும். குப்பத்தில் கணினி என்றால் பெரும்பாலும் கைப்பேசிதான். படகுப் பதிவுச் சான்று, நலவாரிய அட்டை, கூட்டுறவுச் சங்கப் புத்தகம், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று எல்லாம் போட்டோவாக அதற்குள் இருக்கும். அந்த போனே பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து, ஃபைபர் படகில் ஏறி, விடிவதற்குள் கடலுக்கும் போகும். ஒரு வீட்டின் ஆவணப் பெட்டி முழுவதும் நாள்தோறும் உப்புத் தண்ணீருக்கு நடுவே போய்வருகிறது.

இவற்றில் பலவற்றுக்கு அரசிடம் மூலம் இருக்கிறது என்பது ஆறுதல். 2015 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் சட்டப்படி மூல ஆவணத்துக்குச் சமம். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைக் காக்க யாரும் காசு கொடுத்துச் சேவை வாங்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். துறை வழங்கியது வேறு, நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது வேறு. இரண்டாவதற்கு அந்தச் சமமதிப்பு கிடையாது; அது நம் படம், அவ்வளவுதான்.

அரசிடம் மூலம் இல்லாதவற்றில்தான் என் கவலை முழுவதும் இருக்கிறது. படகு ஏற்றும் மணல், வலை காயப்போட்டுப் பின்னும் இடம், மீன் விற்கும் இடம், கழிமுகத்தில் காலங்காலமாக வலைவீசும் பகுதி ஆகிய எதற்கும் தனிப்பட்ட பட்டா கிடையாது. எல்லாம் ஊர்ப் பொது. 2011 ஜனவரி 6-ஆம் தேதி வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொதுப் பயன்பாட்டு இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. குறிக்க வேண்டியவர்கள் குறிக்காமல் விட்டால்? இந்தக் குப்பத்திலிருந்தே மீனவர்கள் கையில் ஜி.பி.எஸ். எடுத்துக்கொண்டு கடற்கரைப் பொது நிலங்களை வரைபடமாக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். கலங்கரை விளக்கத்துப் பக்கமிருந்து கடலோரமாகத் தெற்கே மேம்பாலச் சாலை போடும் திட்டம் பேசப்பட்ட காலத்தில் கரையோரக் குப்பங்கள் அதை எதிர்த்து நின்றதும் நினைவிருக்கலாம். இப்படிப்பட்ட விவகாரங்கள் வழக்காகும்போது, "இந்த இடத்தை நாங்கள் இத்தனை காலமாக இப்படிப் பயன்படுத்தி வருகிறோம்" என்று சொல்லத் தேதியும் இடமும் பொதிந்த ஒரு புகைப்படம் பெரிய சாட்சி. அந்தச் சாட்சி யாரோ ஓர் இளைஞரின் போனில் இருக்கும். போன் பழுதானால் சாட்சியும் போய்விடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலருக்குத் தெரியாததால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். "வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டோம், அங்கே இருக்கும்" என்று நிம்மதி கொள்கிறவர்கள் ஏராளம். போட்டோவாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. கேமரா பதிந்த தேதி, இடம் முதலிய உள்விவரங்களும் கழன்றுவிடுகின்றன. படம் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அது வேறு கோப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். ஆகவே சாட்சியாகப் பயன்பட வேண்டிய படத்தை, எடுத்தது எடுத்தபடி, ஒரு பைட் குறையாமல் வைத்திருக்க வேண்டும். கூகுள் போட்டோஸில்கூட இடத்தை மிச்சப்படுத்தும் தரம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் படம் சுருங்கித்தான் ஏறும்; மூலத் தரம் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அசல் ஏறும். குடும்பப் படத்துக்கு முன்னது போதும், ஊர்ப் பொது நிலத்தின் படத்துக்குப் போதாது.

இதே வரிசையில் இன்னொன்றையும் வைப்பேன். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதனதன் காலத்தில் எந்த மீன் எந்தப் பக்கம் வரும், நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று சொல்லத் தெரிந்த மூத்தவர்களின் பேச்சு. அதைப் பேரப்பிள்ளைகள் போனில் பதிவு செய்து வைத்தால், அந்த ஒலிக்கோப்புக்கு உலகத்தில் எங்கும் வேறு மூலம் இல்லை. பேசியவர் மறைந்த பிறகு திரும்பப் பதிவு செய்யவும் முடியாது.

சரி, சேவை எப்படி வேலை செய்கிறது? கணினியிலோ போனிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு மென்பொருள், எது புதிய கோப்பு, எது மாறிய கோப்பு என்று கவனித்தபடி இருக்கும். மாறியதை மட்டும் பூட்டி, இணையத்தின் வழியே தொலைவிலுள்ள தரவு மையத்துக்கு அனுப்பும். நல்ல சேவையாக இருந்தால் கோப்பின் பழைய வடிவங்களையும் குறிப்பிட்ட காலம் வைத்திருக்கும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சேவைகள் இரண்டாகப் பிரிகின்றன. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் ஆகியவை அடிப்படையில் ஒத்திசைவுச் சேவைகள். இங்கே இருப்பதே அங்கேயும் இருக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அழித்தது கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். கூகுள் போட்டோஸில் ஏற்றப்பட்ட படமென்றால் 60 நாள். அதற்குப் பிறகு இல்லை. போனில் இடமில்லை என்று அந்தச் செயலிக்குள் போய்ப் படங்களை அழிப்பவர், கிளவுடிலும் சேர்த்தே அழிக்கிறார். போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய அதற்கென்று தனித் தெரிவு அந்தச் செயலியிலேயே உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே எத்தனையோ குடும்பங்களின் படங்கள் தப்பும்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலிலும் ஒத்திசைவு இதே விதமாகக் கைவிடும். பூட்டப்பட்ட கோப்பை "மாறிய கோப்பு" என்று நினைத்து அது மேலே ஏற்றிவிடும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் அப்படி முடக்கப்பட்டபோது, பல நாட்கள் நோயாளிப் பதிவு கையெழுத்தில் நடந்தது. தியாகராய நகர்க் கடைகளும் மயிலாப்பூர் ஆடிட்டர் அலுவலகங்களும் தங்கள் டேலி கணக்குகளை ஒரே கணினியில், அல்லது அதிலேயே செருகி வைத்த பென் டிரைவில் வைத்திருந்தால் இந்த ஆபத்துக்கு நேரே நிற்கின்றன. செருகியபடி இருக்கும் டிரைவும் சேர்ந்தே பூட்டப்படும். பதிவு செய்யப்பட்ட கம்பெனிகளுக்கு இதில் சட்டக் கடமையும் இருக்கிறது. மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் காப்புப் பிரதி இந்தியாவில் அமைந்த சேவையகத்தில் இருக்க வேண்டும் என்கிறது கம்பெனிகள் (கணக்குகள்) விதி. 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதை நாள்தோறும் எடுக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள சேவையகம் ஒன்றில் மட்டும் போட்டு வைத்தால் பிரதி இருக்கும், விதி நிறைவேறாது.

"கிளவுடில் இருக்கிறது" என்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த ஊரில் என்பது. 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் சேவைக்கு இந்தியாவில் மூன்று இடங்களில் தரவு மையங்களைத் திறந்தது: மும்பை, புனே, சென்னை. இரண்டு மாதம் கழித்து வெள்ளம் வந்தது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இன்று பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன. சிங்கப்பூரோடு நம்மை இணைக்கும் கடலடிக் கேபிள்கள் கரையேறுவதும் சென்னைக் கரையில்தான். வர்தா அடித்தபோது கடலடிக் கேபிள் ஒன்று பாதிக்கப்பட்டதால் இணைய வேகம் குறையும் என்று ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. ஊரூரில் இருப்பவரின் கோப்பு சென்னையிலேயே இன்னொரு கட்டடத்துக்குப் போனால் அது போன் தொலைந்த அன்று உதவும். புயலடித்த வாரத்தில் உதவும் என்று நம்ப முடியாது. நல்ல வேளையாக, மும்பை, டெல்லி, ஹைதராபாத் என்று வேறு ஊர்களிலும் இன்று பெரிய சேவைகளின் மையங்கள் உள்ளன. தனிநபர் கணக்குகளில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொதுவாக நமக்கில்லை. அலுவலகங்களுக்கான சேவைகளில் உண்டு. வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

தொலைவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு தீ விபத்துகள் போதும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளர் தன் பிரதியைக் கேட்டபோது, அது மூலக் கோப்பு இருந்த இடத்திலேயே இருந்து எரிந்துபோனது தெரியவந்தது. வழக்கு நீதிமன்றம் போனது, நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. கோப்பு திரும்பவில்லை.

இரண்டாவது இதைவிடப் பெரிது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைப்பதற்காக நடத்தப்பட்ட ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அங்கே இருந்தது. அதில் 858 டெராபைட் தரவு. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியூர்ப் பிரதி எடுக்கும் ஏற்பாடே இல்லை. எல்லாம் போயிற்று. மிக அதிகம் அடிபட்டவர்கள், கோப்புகளைச் சொந்தக் கணினியில் வைக்காமல் ஜி-டிரைவில் மட்டுமே வைக்க வேண்டும் என்ற உத்தரவை ஒழுங்காகப் பின்பற்றிய அலுவலகத்தினர். கணினித் தொழிலில் உலகின் முன்வரிசையில் நிற்கும் ஒரு நாட்டில் இது நடந்தது. "மேலே ஏற்றியாயிற்று, இனி கீழே வேண்டாம்" என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

ஆனால் இந்தக் கதைகளைக் கேட்டு, கிளவுடே வேண்டாம், வீட்டில் ஹார்ட் டிஸ்க் போதும் என்று முடிவு கட்டுவது தவறு. பேக்பிளேஸ் என்ற காப்புச் சேவை நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்குகளின் பழுது விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-இல் பழுதானவை 1.40 சதவீதம், 2024-இல் 1.57 சதவீதம். இது குளிரூட்டிய, தூசியில்லாத அறைகளில் வரும் கணக்கு. ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும் பெசன்ட் நகர் உப்புக்காற்றில் ஒரு டிஸ்க் எத்தனை ஆண்டு நிற்கும் என்று உத்தரவாதம் தர யாராலும் முடியாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி இந்த இரண்டு பயத்துக்கும் நடுவே வழி சொல்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வெளியூரில். போனில் ஒன்று, டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் கணக்கு சரியாகிவிடும்.

ஏற்றுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை விற்பனை விளம்பரங்கள் சொல்வதில்லை. நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் ரீசார்ஜ் வைத்திருக்கும் ஒருவர், போனிலுள்ள 60 ஜி.பி. படங்களையும் வீடியோக்களையும் மூலத் தரத்தில் ஏற்ற, அன்றாட டேட்டா முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் 40 நாள் ஆகும். யாராவது 40 நாள் யூடியூப் பார்க்காமல், கடல் நிலவரம் பார்க்காமல் இருப்பார்களா? கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரரிடம் 500 ஜி.பி. இருந்து, நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் வேகம் கிடைத்தால் இடைவிடாமல் 55 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். திரும்ப இறக்கும்போதும் இதே கணக்கு வரும், அதுவும் வெள்ளத்துக்குப் பிந்தைய வாரத்தில். ஆகவே எல்லாவற்றையும் ஏற்று என்ற அறிவுரை வசதியுள்ள வீட்டுக்கானது. மற்றவர்கள் பொறுக்கி ஏற்ற வேண்டும்: முதலில் அரசிடம் மூலம் இல்லாத ஆவணம், அடுத்து ஊர்ப் பொதுச் சாட்சி, பிறகு மூத்தவர் குரல், கடைசியில் மற்றவை.

இலவச இடமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. கூகுள் போட்டோஸ் எல்லையில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்தியது. இப்போது மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதே கணக்கில் சேர்கிறது. 15 ஜி.பி. நிறைந்ததும் ஏற்றுவது நின்றுவிடும். அறிவிப்பு வரும், வந்து கிடக்கும். காப்பு நின்றுபோய் மாதங்கள் ஆனது போன் தொலைந்த அன்றுதான் தெரியவரும்.

சேவை தருகிறவரே தவறலாம் என்பதும் நடந்த கதைதான். 2024 மே மாதம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியத்தின் முழுக் கிளவுட் கணக்கும், கூகுள் பக்கம் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் அழிந்தது. இரண்டு ஊர்களில் பிரதி இருந்தும் பயனில்லை. கணக்கே போனதால் இரண்டும் சேர்ந்து போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த காப்புப் பிரதி நிதியத்தை மீட்கப் பெரிதும் உதவியது. தொழிலை விட்டுப் போகிறவர்களும் உண்டு. கிராஷ்பிளான் என்ற பேர்பெற்ற சேவை 2017-இல் வீட்டு வாடிக்கையாளர்களைக் கைவிடுவதாக அறிவித்தது.

எளியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, கணக்குக்குள் நுழைய முடியாமல் போவது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. கடவுச்சொல் மறந்தால் ஓ.டி.பி. வர வேண்டும், ஓ.டி.பி. வர எண் உயிரோடு இருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனங்கள் முடக்கலாம், பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கலாம். ரீசார்ஜ் செய்யக் காசில்லாத ஒரு பருவத்தில் எண் போய்விட்டால், மும்பையில் பத்திரமாக இருக்கும் படங்கள் அங்கேயே இருக்கும், நமக்குக் கிடைக்காது. போன் வாங்கிக் கொடுத்த கடைக்காரர் தானாகவே ஒரு ஜிமெயில் முகவரி தொடங்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் உரியவருக்கே தெரியாது. வீட்டில் ஒருவர் இறந்தால் அவர் கணக்கிலிருந்த ஒலிப்பதிவுகளை எடுக்கப் பிள்ளைகளுக்கு எளிதான வழியிருக்காது. கணக்கு செயலற்றுப் போனால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதியை கூகுள் தருகிறது. அதைப் பயன்படுத்தியவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேவை நடத்துகிறவராலேயே திறந்து பார்க்க முடியாதபடி பூட்டும் முறை இப்போது பரவலாகியிருக்கிறது. வாட்ஸ்அப் பேக்கப்புக்கு 2021 முதல் அந்தத் தெரிவு இருக்கிறது. ஆதார் நகலுக்கும் வங்கி விவரத்துக்கும் இது நல்லது. மீனவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எப்போது மீன் கிடைக்கும் என்ற ஜி.பி.எஸ். புள்ளிகள் ஒருவரது தொழில் ரகசியம். பிறர் கைக்குப் போனால் பிழைப்பு போகும். ஆனால் இந்த முறையில் சாவியைத் தொலைத்தால் உலகத்தில் யாராலும் திறக்க முடியாது. எனவே எல்லாவற்றையும் ஒரே பூட்டில் போடக் கூடாது என்பேன். தனியாருக்குரியது இறுக்கமான பூட்டில் இருக்கட்டும். ஊர்ப் பொதுச் சாட்சிக்குப் பலர் கையில் சாவி இருக்கட்டும்.

பிரதி எடுப்பதைவிட மீட்டுப் பார்ப்பது முக்கியம் என்று நான் சொல்வதற்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது ஆதாரம். மென்பொருள் எழுதுகிறவர்களின் நிரல்களைக் காப்பதே அந்த நிறுவனத்தின் தொழில். களைத்திருந்த ஒரு பொறியாளர் தவறான சேவையகத்தில் தரவை அழித்துவிட்டார். மீட்கப் போனபோது ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒன்றில் பிரதி எடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது, எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட ஆறு மணி நேரப் பழைய பிரதி ஒன்று இருந்ததால் தப்பினார்கள். நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஐந்து கோப்புகளை வேறொரு போனில் இறக்கித் திறந்து பார்க்காதவரின் பேக்கப், கிட்லேபின் நிலைமையில்தான் இருக்கிறது.

தமிழர்களுக்கு இதெல்லாம் புதுப் பாடம் இல்லை. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஒரே நூலின் பல சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது, பல ஊர்களில் பலர் படியெடுத்து வைத்திருந்ததால்தான். ஒரே ஊரில், ஒரே வீட்டில் மட்டும் இருந்த நூல்கள் பல நமக்கு வந்து சேரவில்லை. 1981-இல் மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் வேறு பிரதி இல்லாதவையும் இருந்தன. 2005-இல் ஈழத்து எழுத்துகளை மின்னாக்கத் தொடங்கிய நூலகம் திட்டம் இந்த இழப்பின் நினைவோடு வேலை செய்கிறது. பணம் படைத்த எந்த நிறுவனமும் அதைத் தொடங்கவில்லை. தன்னார்வலர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்தும் ஸ்கேன் செய்தும் ஏற்றினார்கள்.

அந்த வழிதான் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கும் பொருந்தும் என்பது என் துணிபு. பொதுமக்களுக்கு விற்கப்படும் காப்புச் சேவைகள் பெரும்பாலும் ஒரு ஆள், ஒரு கணக்கு, ஒரு கார்டு என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. குப்பத்தில் காக்க வேண்டியவற்றில் மிக அரியவை பொதுச் சொத்து. அவை ஓர் இளைஞரின் தனிக் கணக்கில் இருந்தால், அவர் வேலைக்கு வெளியூர் போன மறுநாளே ஊருக்கு எட்டாமல் போகும். ஊர்ப் பஞ்சாயத்தின் பெயரிலோ இளைஞர் மன்றத்தின் பெயரிலோ ஒரு பொதுக் கணக்கு தொடங்கலாம். 100 ஜி.பி. இடத்துக்கு கூகுள் வாங்கும் சந்தா ஆண்டுக்கு ரூ.1,300 அளவில்தான் இருக்கிறது. பொது நிலப் படங்களும் மனுக்களும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்களும் வரைபடக் கோப்புகளும் மூத்தவர் ஒலிப்பதிவுகளும் அதற்குள் தாராளமாக அடங்கும். யூனிசூப்பர் கதையை மனத்தில் வைத்து, அதே கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வேலூரிலோ திருச்சியிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைக்கலாம். அடையாற்றுக்கு அக்கரையிலுள்ள உறவினர் வீடு இதற்கு ஆகாது. அங்கே வருவதும் இதே வெள்ளம்.

உலக பேக்கப் நாள் என்று மார்ச் 31-ஐச் சொல்கிறார்கள். சென்னைக் கரைக்கு அந்தத் தேதி பொருந்தாது. நமக்கு அபாயம் ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை ஓடுகிறது. படகையும் இன்ஜினையும் மழைக்கு முன் பார்த்துச் சரிசெய்யும் புரட்டாசியில் இதையும் செய்யலாம். டிஸ்கை வரவழைத்துப் புதியவற்றைச் சேர்க்க வேண்டும். பொதுக் கணக்கிலிருந்து சில கோப்புகளை வேறொரு போனில் இறக்கி, படத்தில் தேதியும் இடமும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முக்கியமான படங்களின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஒட்டலாம். அதற்கான இலவசச் செயலிகள் ஏராளம். கடவுச்சொல் மூன்று பேரிடமாவது இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆண்கள் கடலில் இருக்கும் நேரத்தில் கரையில் இருப்பவர்கள் பெண்கள்தான். மீன் விற்ற கணக்கையும் சங்கக் கணக்கையும் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். கணக்கோடு இணைத்த எண் யாருடையது, அதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது யார் பொறுப்பு, அவர் மாறினால் அடுத்து யார் என்பதையும் அதே பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.